மந்திரிக்குத் தூளி பழக்கியவர்

“அதெல்லாம் கடிக்காதுங்க சம்பந்தி. பால்பல்லுதான்,” என்று சொல்லிக்கொண்டே ஜடையன் எங்கள் வீட்டுப் படியேறினார்.

கடிக்குமா என்று யாரும் கேட்கவில்லை. நான் வாசலில் உட்கார்ந்து செருப்புக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தேன். என் மனைவி பாக்கியலட்சுமி உள்ளே பேத்திக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் மகள் உமாதேவிக்கும் ஜடையன் மகன் மகேந்திரனுக்கும் பிறந்தவள், பெயர் மனிஷா. பிரசவத்துக்கு வந்த மகள் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். பேத்தியைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தக் கதை ஜடையனிடம் போய்ச் சேராது. அதனால் அவளை எண்ணெயோடு அங்கேயே விட்டுவிடுகிறேன்.

“எது கடிக்காது?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

ஜடையன் என்னைப் பார்த்தார். நான் செருப்பைப் பார்த்தேன்.

“நாய்க்குட்டிங்க சம்பந்தியம்மா. கையளவுதான் இருக்கும்.”

“யாரூட்டு நாய்?”

“எங்கூட்டுதுங்க.”

எண்ணெய்க் கையோடு பாக்கியலட்சுமி வெளியே வந்தாள். “பச்சப்புள்ள வரப்போற ஊட்டுல நாயாங்க?”

ஜடையனின் சுபாவமே இதுதான். கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லிவிடுவார். ஹனூர்ப் பக்கம் மார்டள்ளியில் பிறந்தவர். மீசை முளைக்கும் முன்பே மைசூருக்கு வந்து ரோட்டுக்குத் தார் ஊற்றினார், கட்டடத்துக்குக் கலவை சுமந்தார், கடைசியில் நஞ்சன்கூட்டில் ஒரு நூல் மில்லில் நிலைத்தார். மில் கேட்டில் வாட்ச்மேன் வாயைத் திறக்கும் முன்பே, “நான் ஒண்ணும் எடுத்துட்டுப் போகலைங்க” என்பார். அதனாலேயே அத்தனை பேரில் அவர் பையை மட்டும் தினமும் கொட்டிப் பார்ப்பார்கள். காலியான தூக்குப்போசி ஒன்று உருண்டு வரும். ரயிலில் டிக்கெட் பரிசோதகர் அடுத்த பெட்டியில் இருக்கும்போதே எழுந்து நின்று சட்டைப்பையைத் தடவுவார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன் என்று எல்லோரும் சொல்வார்கள். பொய் சொல்ல அவருக்கு நேரம் கிடைத்ததில்லை என்பேன் நான். அதற்குள் உண்மை வெளியே வந்து நின்றுவிடும்.

மில்லிலிருந்து ஓய்வு பெற்றதும் மைசூர்ப் பக்கம் கடகோளாவில் சின்னதாக ஒரு வீடு கட்டினார். வீட்டைச் சுற்றி மிச்சமிருந்த இடமெல்லாம் தோட்டம். தக்காளி, கத்தரி, அவரைப் பந்தல், இரண்டு கொய்யா, வேலியோரம் ரசவாழை. மில்லில் முப்பது வருஷம் இரைச்சலைக் கேட்ட மனுஷனுக்குச் செடிகளோடு பேசுவது பிடித்திருந்தது. அவை எதிர்த்துப் பேசாது. ஆனால் பறவைகள் பேசின.

கொய்யாவுக்குக் கிளி, தக்காளிக்குக் கொண்டைக்குருவி. இரண்டும் வந்து போன பிறகு மிச்சத்துக்குத் தவிட்டுக்குருவி. “ஒரு பழத்த முழுசாத் தின்னுட்டுப் போனாப் பரவால்லைங்க சம்பந்தி,” என்று என்னிடம் புலம்புவார். “பத்துப் பழம் இருந்தா பத்துலயும் ஒவ்வொரு ஓட்டை. ருசி பாக்குதாமா.”

தகர டப்பாக்களைக் கட்டித் தொங்கவிட்டார். அவற்றின் மேலேயே உட்கார்ந்து கிளிகள் ஊஞ்சலாடின. மகேந்திரன் பழைய கேசட்டிலிருந்து நாடாவை உருவி, காற்றில் பளபளவென்று அடிக்கும்படி செடிகளுக்கு மேலே கட்டினான். ஒரு தேன்சிட்டு அதில் துண்டு துண்டாகப் பிய்த்துக்கொண்டு போய்ச் செம்பருத்திக் கிளையில் கூடு கட்டியது.

“தோட்டம் நம்முது, மகசூல் அதுகளுது,” என்றார் அவர் மனைவி தேவம்மா.

அப்போதுதான் பக்கத்து வீட்டு கௌரம்மா, “நோடி ஜடையப்பா, ஒந்து ஹக்கி பரல்ல,” என்று கன்னடத்தில் சத்தியம் செய்து, ஒரு பறவைகூட இனி வராது என்று இந்த நாய்க்குட்டியைக் கொண்டுவந்து கொடுத்தாள். ஐப்பசி மழையில் அவள் முந்தானைக்குள் நனையாமல் வந்தது. மண் நிறம். ஒரு காது நின்றது, இன்னொரு காது மடிந்தே கிடந்தது.

“மைசூர்ல இருந்துக்கிட்டு நாய்க்கு ராஜான்னு பேர் வெச்சா நல்லாருக்காது,” என்றார் ஜடையன். “மந்திரி போதும்.”

மந்திரி வந்த வாரமே ஆட்சியைத் தொடங்கிவிட்டது. கொண்டைக்குருவி கொத்திய தக்காளிகளை முதலில் தின்றது, பிறகு கொத்தாதவற்றையும் தின்றது. கத்தரி நாற்றுகளைத் தோண்டி எடுத்து வரிசையாக வாசலில் கொண்டுவந்து வைத்தது. கோழி மூடும் கூடையைக் கவிழ்த்துப் போட்டால் கூடையோடு நடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தபோது அவரைப் பாத்தியில் ஒரு கூடை தானாக நகர்ந்து போனதை என் கண்ணால் பார்த்தேன். கூடை கிளறிவிட்ட ஈர மண்ணில் புழு பொறுக்கிக்கொண்டு தவிட்டுக்குருவிகள் பின்னாலேயே தத்திப் போயின. பெண் அழைப்பு ஊர்வலம் மாதிரி இருந்தது.

இந்தத் தவிட்டுக்குருவி தனியாக வராது. ஏழெட்டாகச் சேர்ந்து, கத்திக்கொண்டே வரும். மந்திரிக்கு ராகிக்களியைப் பாலில் கரைத்து வைத்தால், தட்டைச் சுற்றி நின்று அதை வாய்க்கு வந்தபடி திட்டும். மந்திரி வாலை மடக்கிக்கொண்டு தேவம்மாவின் சேலைக்குப் பின்னால் போய் நிற்கும். அவை களியைத் தின்று முடித்துப் போன பிறகு வந்து தட்டை நக்கும்.

“காவலுக்கு வந்தவனுக்கு நான் காவல் காக்கறேன்,” என்றார் தேவம்மா.

இதையெல்லாம் கேட்டால் பாக்கியலட்சுமி எப்படிச் சமாதானமாவாள்? அன்றைக்கு எண்ணெய்க் கையோடு வாசலில் நின்று தீர்ப்புச் சொன்னாள்.

“தை பொறந்ததும் புள்ளைய அங்க கொண்டாந்து விடறோம்னு சொன்னது நெசந்தானுங்க. ஆனா அந்த நாய் தூளிப் பக்கம் தப்பாக் குலைச்சுது, பல்லக் காட்டுச்சுன்னா வந்த வண்டியிலயே திரும்பிருவோம். புள்ள ஓடியாடி நடக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்.”

ஜடையனுக்கு முகம் சுருங்கிவிட்டது. பேத்தி நடக்கும் வரை என்றால் இன்னும் ஒரு வருஷம். அவர் வீட்டில் ஏற்கெனவே தூளிக்குக் கொக்கி அடித்து, அது தாங்குமா என்று தானே தொங்கிப் பார்த்திருந்தார்.

“பழக்கிருவனுங்க,” என்றார்.

அவரை ரயிலேற்ற நான் கூடப் போனேன். ஸ்டேஷன் வந்ததும், “பழக்க முடியலைன்னா நஞ்சன்கூட்டுல கௌரம்மா அண்ணனுக்கு வாழைத்தோப்பு இருக்குதுங்க. அங்க கொண்டு போய் விட்டுருவேன். நாயா புள்ளையான்னா புள்ளைதானுங்க,” என்றார். நான் இதையும் கேட்கவில்லை. ரயில் கிளம்பும்போது ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, “ஆனா அது தெனமும் என்ற காலு மேலதான் படுத்துத் தூங்குதுங்க,” என்றார்.

வீட்டுக்குப் போனதும் பாடம் ஆரம்பமானது. தேவம்மாவின் பழைய சேலையைக் கொக்கியில் தூளியாகக் கட்டி, ஆட்டிக்கொண்டே மந்திரியைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பழக்குவது என்பது அவர் திட்டம். இரண்டு ஆட்டு ஆட்டியிருப்பார். அடுப்படியிலிருந்து தேவம்மா ஓடி வந்தார்.

“ஏனுங்க, வெறுந்தூளிய ஆட்டறீங்களே. அங்க புள்ளைக்கு வயித்துவலி வரும்.”

எங்கள் ஆட்கள் யாரும் வெறும் தூளியை ஆட்ட மாட்டோம். பிள்ளையை முதன்முதலாகத் தூளியில் போடும்போதுகூட அம்மிக்குழவியை முதலில் போட்டு ஆட்டிவிட்டு, பிறகுதான் பிள்ளையைப் போடுவோம். ஜடையன் சேலையை அப்படியே பிடித்து நிறுத்திவிட்டு, “அப்போ அந்தக் குழவியக் குடு,” என்றார்.

“கல்லப் போட்டு நாளெல்லாம் ஆட்டிச் சேலை கிழிஞ்சா புள்ளைய எதுல போடறதாமா? நான் சட்னி அரைக்க வேண்டாமா?”

ஜடையன் தோட்டத்தில் இறங்கினார். வேலியில் விதைக்கென்று விட்டிருந்த சுரைக்காய் ஒன்று முற்றி, ஓடு கட்டிக் கிடந்தது. அடியில் குண்டாகவும் மேலே கழுத்தாகவும் உள்ள சாதி. அறுத்துக் கையில் ஏந்திப் பார்த்தார். பேத்தியின் கனம் இருந்ததாம்.

அடுத்த முறை எங்கள் வீட்டுக்கு வந்தபோது உமாதேவியிடம் ரகசியமாகக் கேட்டு, குழந்தை போட்டுக் கழற்றிய சட்டை ஒன்றும், அறுந்துபோன வசம்பு வளையலும் வாங்கிக்கொண்டார். மந்திரிக்கு வாசனை பழக வேண்டுமல்லவா.

“மாமா, அம்மாகிட்டச் சொல்லிராதீங்க. சுரைக்காய்க்குச் சட்டை போடறோம்னு தெரிஞ்சா தொலைச்சுருவாங்க,” என்றாள் உமாதேவி.

இதை யாரிடம் சொல்கிறோம் என்று அவள் யோசித்திருக்க வேண்டும். ஜடையனுக்கே தன்மேல் நம்பிக்கை இல்லை. படியேறும்போதே “சுரைக்காய்க்கு ஒண்ணும் போடலைங்க” என்று சொல்லிவிடுவோம் என்று பயந்து, மார்கழி முழுக்க எங்கள் வீட்டுப் பக்கமே அவர் வரவில்லை. பேத்தியைப் பார்க்காமல் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை நான் போனால், குழந்தை சிரித்ததா, குப்புற விழுந்ததா, கையைச் சப்புகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். “அப்பனப் பெத்த தாத்தன் வந்து எட்டிப் பாக்கறானா பாருங்க. நாய் வந்ததும் பேத்தி மறந்துருச்சு,” என்று இங்கே பாக்கியலட்சுமி பொருமினாள். உண்மை தெரிந்த நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். மகளும் என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டினாள்.

சுரைக்காய்க்குச் சட்டை போட்டார்கள். கழுத்தில் வசம்பு கட்டினார்கள். இதெல்லாம் என்ன கூத்து என்று சலித்துக்கொண்ட தேவம்மாவே மறுநாள் அதன் கன்னத்தில் மையால் ஒரு பொட்டு வைத்தார். கேட்டால், “சட்டையெல்லாம் போட்டுப் பாத்தா மொகம் மாதிரிதான் இருக்குது. திருஷ்டி பட்டுட்டா?” என்றார்.

மந்திரி தூளிக்குள் மூக்கை நுழைத்தால் ஜடையன் “ம்ஹூம்” என்பார். கீழே உட்கார்ந்தால் ஒரு துண்டு பன் கிடைக்கும். மார்கழி பாதியில் மந்திரி தூளிக்கு அடியில் கால் நீட்டிப் படுக்கப் பழகிவிட்டது. அதோடு நின்றிருந்தால் நன்றாயிருந்திருக்கும். பன் துணுக்குகளைத் தேடித் தவிட்டுக்குருவிகள் வராண்டாவுக்கு ஏறி வந்தன. அதில் ஒன்று தூளிக் கயிற்றில் போய் உட்கார்ந்தது. தட்டில் இருக்கும் களியை விட்டுக் கொடுத்த மந்திரி, தோட்டத்துத் தக்காளியை விட்டுக் கொடுத்த மந்திரி, அன்றைக்கு எழுந்து நின்று பிறந்ததிலிருந்து முதல் தடவையாகக் குலைத்தது. குலைத்துவிட்டு, இந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது என்று அதுவே சுற்றிலும் பார்த்ததாம். குருவிகள் கூட்டமாகக் கொய்யா மரத்துக்குப் பறந்தன.

ஜடையனுக்குப் பெருமை தாங்கவில்லை. “பாத்தீங்களா சம்பந்தி. கிட்ட ஒரு ஈ வரட்டும் பாக்கலாம்,” என்றார். ஈ வந்தால் குலைத்தது. காக்கை வந்தால் குலைத்தது. சட்டையைத் துவைக்கலாமென்று தேவம்மா சுரைக்காயின் காம்பைப் பிடித்துத் தூக்கினால், அவரையும் பார்த்து உறுமியது. அவருக்குக் கோபம்.

“நான் சோறு போட்ட நாய் எனக்கே பல்லக் காட்டுது.”

“உனக்குன்னு தனியா ஞாயம் பேசுமா? காவல்னா காவல்தான்,” என்றார் ஜடையன்.

தை பிறந்து, பொங்கல் முடிந்து, நல்ல நாள் பார்த்து நாங்கள் வண்டி பிடித்தோம். விடிந்ததும் சுரைக்காயை எடுத்து ஒளித்துவிட வேண்டுமென்று ஜடையன் நினைத்திருந்தார். எடுக்கப் போனவரையும் மந்திரி விடவில்லை. வண்டிச் சத்தம் கேட்டு அவர் வாசலுக்கு ஓடி வந்தபோது சட்டைக் கையில் நாயின் முன்னங்கால் மண் அப்படியே இருந்தது. தேவம்மா ஆரத்தி சுற்றிப் பொட்டு வைத்தார். உமாதேவி வலது காலை எடுத்து வைத்து வராண்டாவில் ஏறினாள். ஒரு மாதம் கழித்துப் பேத்தியைப் பார்த்த ஜடையன், தூக்கக் கையை நீட்டாமல் வராண்டாத் தூளியையே திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

பாக்கியலட்சுமியும் பார்த்தாள்.

“தூளியில யாரது?”

உமாதேவி குழந்தையின் சட்டையை இழுத்துவிட்டாள்.

“சுரைக்காய்ங்க,” என்றார் ஜடையன். பிறகு ஒவ்வொன்றாக எல்லாம் வந்தது. வெறுந்தூளி, சட்டை, வசம்பு, உமாதேவி, நான். என்னை விட்டிருக்கலாம்.

பாக்கியலட்சுமி ஒரு அடி முன்னே வைத்தாள். மந்திரி எழுந்து நின்று, மடிந்த காதையும் சேர்த்து விறைத்துக்கொண்டு, பால்பல்லைக் காட்டி உறுமியது. குழந்தையோடு பின்னால் வந்த உமாதேவியையும் பார்த்து உறுமியது. தூளியில் பிள்ளை இருக்கிறது, இது யார் புதிதாக ஒன்றைத் தூக்கிக்கொண்டு வருகிறது என்பது அதன் ஞாயம்.

“வண்டிக்காரன் போயிட்டானா பாருங்க,” என்றாள் பாக்கியலட்சுமி என்னிடம்.

ஜடையன் சுவரில் மாட்டியிருந்த கயிற்றை எடுத்தார். மந்திரியின் கழுத்தில் கட்டக் குனிந்தவர் கொஞ்ச நேரம் நிமிரவேயில்லை. “நஞ்சன்கூட்டுக்கு இப்பவே கூட்டிட்டுப் போயர்றனுங்க. நீங்க போயராதீங்க,” என்றார். மந்திரி அவர் கையை நக்கியது. இழுத்தபோது நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு தூளிக்கடியை விட்டு வர மறுத்தது.

“நாயி அப்புறம் போகட்டுமுங்க. மொதல்ல தூளி எனக்கு வேணும். புள்ள கண்ணச் சொருகறா,” என்றாள் பாக்கியலட்சுமி. நாய் உறுமுவதைச் சட்டை பண்ணாமல் நேராகப் போய்த் தூளிக்குள் கையை விட்டாள்.

ஜடையன் கயிற்றை இறுக்கிப் பிடித்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஒன்றும் நடக்கவில்லை. கண்ணைத் திறந்தால், பாக்கியலட்சுமி ஒரு கையைச் சுரைக்காயின் கழுத்துக்கு அடியில் கொடுத்து, இன்னொரு கையால் அடியைத் தாங்கி, தோளில் சாய்த்துத் தூக்கிக்கொண்டிருந்தாள். ஐந்து மாதமாகப் பிள்ளையைத் தூக்கித் தூக்கி அந்தக் கைக்கு வேறு மாதிரி தூக்கத் தெரியவில்லை. மற்ற எல்லோரும் அதைக் காய் மாதிரி காம்பைப் பிடித்துத் தூக்கியிருந்தார்கள். மந்திரி உறுமலை நிறுத்தி அவளையே பார்த்தது. பிறகு வாலை ஆட்டியது. அவள் சுரைக்காயைப் பாயில் படுக்க வைக்கும்போது தலை இடிக்காமல் கையை மெதுவாக உருவினாள். அப்போதுதான் தான் செய்வது என்னவென்று அவளுக்கே தெரிந்தது போல.

“சிரிக்காதீங்க,” என்றாள் என்னைப் பார்த்து.

நான் சிரிக்கவில்லை. தேவம்மாதான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குள் போயிருந்தார்.

உமாதேவி மனிஷாவைத் தூளியில் போட்டாள். மந்திரி பாயிலிருந்த சுரைக்காயை ஒரு தடவை முகர்ந்தது. தூளியைக் கீழேயிருந்து ஒரு தடவை முகர்ந்தது. இரண்டிலும் ஒரே வாசனை. உள்ளேயிருந்து பேத்தி ‘ங்கா’ என்று ஒரு சத்தம் கொடுத்தாள். சுரைக்காய் இத்தனை நாளில் அப்படி ஒரு சத்தம் போட்டதில்லை. மந்திரி தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, தூளிக்கு அடியில் போய்ப் பெருமூச்சு விட்டுக்கொண்டு படுத்தது. சற்று நேரத்தில் வராண்டாவுக்கு ஏறி வந்த தவிட்டுக்குருவிகள் அதன் ஒரு பார்வையிலேயே இறங்கிப் போயின.

பாக்கியலட்சுமி சுவரோரம் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்தாள். கடைசியில், “ஒரு சுரைக்காய்க்கே இந்தப் பாடு படுதுன்னா,” என்று ஆரம்பித்து, முடிக்காமல் விட்டாள். பிறகு ஜடையனைப் பார்த்து, “கயித்த அங்கேயே மாட்டுங்க. புள்ளைக்குக் கிட்ட முடி கொட்டாமப் பாத்துக்கணும், சொல்லிட்டேன்,” என்றாள்.

ஜடையன் கயிற்றை மாட்டிவிட்டு வந்து பேத்தியின் தூளியை ஒரு கையால் ஆட்டினார். மறு கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நாயின் தலைமேல் வைத்துக்கொண்டார்.

தக்காளி இன்னும் குருவிகளுக்குத்தான் போகிறது. மந்திரிக்கு இப்போது தோட்டத்தைப் பார்க்க நேரமில்லை.

பேத்தி போன பிறகு எங்கள் வீடு ஓவென்று ஆகிவிட்டது. ஒரு வாரம் பொறுத்த பாக்கியலட்சுமி, இன்றைக்குக் காலையில் முதல் ரயிலுக்கே என்னைக் கிளப்பிக்கொண்டு கடகோளாவுக்குப் போனாள். ஜடையன் அவரைக்காய் பறித்துக்கொண்டிருந்தார். புள்ளையை ரெண்டே நாள் எங்கள் வீட்டுக்குக் கூட்டிப் போகிறோம், ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து விடுகிறோம் என்று இவள் கேட்டாள். அவர் அவசரப்படாமல் மடியிலிருந்த காய்களைக் கூடையில் கொட்டினார்.

“உங்க பேத்திங்க, தாராளமாக் கூட்டிட்டுப் போங்க சம்பந்தியம்மா. நான் ஏன் வேண்டாங்கறேன். மந்திரிகிட்ட மட்டும் நீங்களே ஒரு வார்த்தை கேட்டுக்குங்க.”